டொயோட்டா சென்சுரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் நாகோயாவுக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு நான் அனுப்பிய படங்களில், கோயில்களையும் செர்ரிப் பூக்களையும்விட அதிகக் கேள்விகளைக் கிளப்பியது ஒரு விடுதி வாசலில் நின்றிருந்த நீண்ட கறுப்புக் காரின் படம்தான். கேட்டவர்கள் வேறு, கேள்விகள் ஒன்றே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதி அலுத்துப்போனதால், அவர்கள் கேட்டவற்றை ஏறத்தாழ அவர்களுடைய வார்த்தைகளிலேயே வைத்து, எளியதில் தொடங்கிச் சிக்கலானது வரை இங்கே தொகுத்திருக்கிறேன்.

டொயோட்டா என்றால் இன்னோவா, ஃபார்ச்சூனர்தானே? சென்சுரி என்று ஒரு கார் இருக்கிறதா?

இருக்கிறது. 1967 நவம்பரில் விற்பனைக்கு வந்து இன்றுவரை தொடர்கிற, டொயோட்டாவின் மிக உயர்ந்த செடான் அது. கிட்டத்தட்ட முழுக்க ஜப்பானுக்குள்ளேயே விற்கப்பட்டதால்தான் அந்தப் பெயர் நம் காதில் விழவில்லை. பிரதமர், மாகாண ஆளுநர்கள், பெரிய நிறுவனங்களின் தலைவர்கள், தூதர்கள் போன்றோர் பின் இருக்கையில் அமர்ந்து செல்வதற்கென்றே அது செய்யப்பட்டது. வாங்குகிறவர் ஓட்டமாட்டார், ஓட்டுகிறவர் வாங்கியிருக்கமாட்டார் என்ற ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், இந்தக் காரின் விசித்திரங்கள் பலவற்றுக்கும் காரணம் தானாக விளங்கிவிடும்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றில் இந்தச் செடானுக்கு மூன்றே தலைமுறைகள்: 1967 முதல் 1997 வரை ஒன்று, 1997 முதல் 2017 வரை ஒன்று, 2018இல் வந்தது மூன்றாவது. மற்ற கார்களுக்கு ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புது உருவம் வருகிற நாட்டில் இது நடந்தது என்பதுதான் வியப்பு.

கிரிக்கெட் சதம் மாதிரி "சென்சுரி" என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

நூறு என்பது சரிதான், ஆனால் அது பிறந்தநாள் கணக்கு. டொயோட்டா குழுமத்துக்கு வித்திட்ட சாகிச்சி டொயோடா பிறந்தது 1867 பிப்ரவரி 14ஆம் தேதி. அவருடைய நூற்றாண்டை நினைவுகூரும் வகையில் 1967இல் வந்த காருக்கு இந்தப் பெயர் இடப்பட்டது.

சாகிச்சி கார் செய்தவர் அல்லர், தறி செய்தவர். தச்சரின் மகனாகப் பிறந்து, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறியை உருவாக்கியவர் அவர். அந்தத் தறியின் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் 1929இல் வாங்கியது. அவருடைய மகன் கீச்சிரோதான் 1937இல் மோட்டார் நிறுவனத்தைத் தனியாக நிறுவினார். குடும்பப் பெயர் டொயோடா, நிறுவனத்தின் பெயர் டொயோட்டா என்ற வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது எழுத்துப் பிழை என்று எனக்கே இருவர் திருத்தம் அனுப்பியிருக்கிறார்கள்.

1967க்கு முன்னால் ஜப்பானில் பெரிய மனிதர்கள் எதில் போனார்கள்?

பெரும்பாலும் அமெரிக்கக் கார்களில். போருக்குப் பிந்தைய ஜப்பானில் உள்நாட்டுக் கார்கள் சிறியவையாகவே இருந்தன. அந்த நிலையை மாற்ற 1964இல் டொயோட்டா தன்னுடைய கிரவுன் காரையே அகலப்படுத்தி, 2.6 லிட்டர் அலுமினிய வி8 எஞ்சினை, அதாவது எட்டு சிலிண்டர்கள் வி வடிவில் இரு வரிசையாக அமைந்த எஞ்சினைப் பொருத்தி, கிரவுன் எய்ட் என்ற பெயரில் கொண்டுவந்தது. அதே 1964இல் மிட்சுபிஷி டெபோனேர் வந்தது. 1965இல் நிசான் பிரெசிடென்ட் 4 லிட்டர் வி8 எஞ்சினுடன் வந்து எல்லாவற்றையும் சிறியதாக்கிவிட்டது.

கிரவுன் எய்ட் என்பது உண்மையில் சட்டையைப் பிரித்துத் தைத்தது போன்ற வேலை. சென்சுரிக்குத்தான் முதன்முறையாகப் புதுத் துணி வெட்டினார்கள். 1955இல் முதல் கிரவுனை உருவாக்கிய நகமுரா கென்யாதான் இதற்கும் தலைமைப் பொறியாளர். கிரவுன் எய்ட்டின் எஞ்சினை 3 லிட்டராகப் பெருக்கி, 150 குதிரைத்திறன் தரும்படி செய்தார்கள். முன் சக்கரங்களுக்கு, காற்றழுத்தத்தால் குலுக்கலைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். வண்டியின் நீளம் 4,980 மில்லிமீட்டர், அகலம் 1,890 மில்லிமீட்டர். அன்றைய டோக்கியோ தெருக்களுக்கு அது ஒரு கப்பல்.

முப்பது வருடம் ஒரே காரையா விற்றார்கள்? சோம்பேறித்தனம் இல்லையா?

உருவம் ஒன்றே, உள்ளே இருப்பது மாறிக்கொண்டே வந்தது. 1973இல் எஞ்சின் 3.4 லிட்டரானது, 1982இல் 4 லிட்டரானது. விளக்குகளும் கிரில்லும் சிறிது சிறிதாகத் திருத்தப்பட்டன. 1997இல் இரண்டாம் தலைமுறை முற்றிலும் புதிதாக வந்தபோதும், தெருவில் போகிறவருக்கு அது பழைய வண்டியாகவே தெரிந்தது. அப்படித் தெரிய வேண்டும் என்பதற்காகவே வடிவமைப்பாளர்கள் உழைத்திருக்கிறார்கள்.

சோம்பேறித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நிறுவனத் தலைவர் ஆண்டுதோறும் புது உருவக் காரில் வந்து இறங்கினால் ஊழியர்களின் கண் அதில்தான் இருக்கும். பத்து வருடம் பழைய சென்சுரிக்கும் நேற்று வாங்கிய சென்சுரிக்கும் வெளியாருக்கு வேறுபாடு தெரியாது. செலவு செய்ததை மறைப்பதற்காகச் செலவு செய்யப்படும் கார் என்று இதை ஒரு ஜப்பானிய நண்பர் எனக்கு விளக்கினார். இதைவிட நன்றாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

முன்னால் டொயோட்டா சின்னமே இல்லையே, அந்தப் பறவை என்ன? மயிலா, கருடனா?

இரண்டும் இல்லை. அது ஹோஓ என்று ஜப்பானியர் சொல்லும் புராணப் பறவை. சீனத்திலிருந்து வந்த மரபு. நல்லாட்சி நடக்கும் காலத்தில் மட்டுமே தோன்றும் என்பது நம்பிக்கை. உஜி நகரத்தின் பியோடோ-இன் கோயில் மண்டபக் கூரையில் இந்தப் பறவையின் வெண்கல உருவம் உண்டு. 2004இல் வெளியான பத்தாயிரம் யென் தாளின் பின்புறத்தில் இருப்பதும் அதே உருவம்தான்.

சென்சுரியின் முகப்பில் இருக்கும் பறவைச் சின்னத்துக்கான அச்சை, எடோ காலத்திலிருந்து வரும் உலோகச் செதுக்கு மரபில் பயின்ற கைவினைஞர் கையால் செதுக்குகிறார். ஒரு அச்சு முடிய ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகும். அருகில் குனிந்து பார்த்தால் இறகின் ஒவ்வொரு கோடும் வேறு வேறு ஆழத்தில் ஒளியை வாங்குவது தெரியும். முகப்பில் டொயோட்டாவின் வழக்கமான முட்டை வடிவச் சின்னத்தைத் தேடாதீர்கள்.

ரோல்ஸ் ராய்ஸ் விலைக்குத் துணி சீட்டா? தோல் கிடையாதா?

முதலில், விலை அந்த அளவு இல்லை. 2018இல் மூன்றாம் தலைமுறை வந்தபோது 1 கோடியே 96 லட்சம் யென். அன்றைய மதிப்பில் சுமார் 1.2 கோடி ரூபாய். ரோல்ஸ் ராய்ஸின் சிறிய கார்கூட அதைவிட விலை அதிகம்.

அடுத்து, அது சாதாரணத் துணி அன்று, கம்பளி. கேட்டால் தோலும் தருவார்கள், ஆனால் கம்பளிதான் இந்தக் காரின் இயல்பான தேர்வு. தோல் இருக்கையில் அசைந்தால் உராய்வுச் சத்தம் வரும். குளிர்காலத்தில் சில்லென்றும் கோடையில் சுடச்சுடவும் இருக்கும். ஏறி இறங்கும்போது உடையைப் பிடித்து இழுக்கும். கம்பளியில் இவை எதுவும் இல்லை.

ஒரு பழைய கார் வியாபாரியின் முற்றத்தில் 1990களில் செய்த ஒரு சென்சுரியின் பின் கதவைத் திறந்து உட்காரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முதலில் கவனத்துக்கு வந்தது மென்மையன்று, காது அடைத்துக்கொண்டது போன்ற அமைதி. என்னுடைய மழைச்சட்டை சரசரத்த ஒலிதான் அங்கே இருந்த ஒரே சத்தம், அதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது.

முன் சீட்டின் முதுகில் ஓட்டை போட்ட மாதிரி ஒரு படம் பார்த்தேன். அது எதற்கு?

கால் நீட்டுவதற்கு. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் முதுகுப் பகுதியில் நடுத் துண்டை மட்டும் மடக்கித் திறக்கலாம். பின்னால் இருப்பவர் காலணியைக் கழற்றிவிட்டு, அந்தத் திறப்பின் வழியாகக் காலை முன்னே நீட்டி, முன் இருக்கையின் மேலேயே வைத்துக்கொள்ளலாம். பார்க்க வேடிக்கைதான், ஆனால் நீளமான தனிக் காரைச் செய்யாமல் கால் நீட்ட இடம் தேடியவர்களின் சாமர்த்தியம் அது. மூன்றாம் தலைமுறையில் கார் 5,335 மில்லிமீட்டர் நீளமாகிவிட்டதால், மின்சாரத்தால் இயங்கும் கால்தாங்கி வந்துவிட்டது. ஓட்டைக்காகவே பழைய காரைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பக்கக் கண்ணாடி கதவில் இல்லாமல் பானட் மேல் ஏன் நிற்கிறது?

பழைய ஜப்பானியக் கார்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான். கதவில் கண்ணாடி வைக்க அங்கே 1983இல்தான் அனுமதி கிடைத்தது. அதன் பிறகு மற்றவை எல்லாம் மாறிவிட, சென்சுரியிலும் டாக்சிகளிலும் மட்டும் அந்தப் பழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

பழமைப் பற்று மட்டும் காரணமன்று. கண்ணாடி கதவில் இருந்தால், இடப்பக்கத்தைப் பார்க்க ஓட்டுநர் தலையைத் திருப்ப வேண்டும். அது முன்னாலோ பின்னாலோ அமர்ந்திருப்பவரைத் திரும்பிப் பார்ப்பது போலத் தோன்றும். முன் மட்கார்டின் மேல் இருந்தால் விழியை அசைத்தாலே போதும். பயணியைப் பார்க்காமலிருப்பதும் ஓட்டுநரின் மரியாதையில் சேர்ந்தது என்று கருதும் ஊரில் இது சிறிய செய்தியன்று.

பின் ஜன்னலில் வெள்ளை லேஸ் துணி தொங்குகிறதே, அது வீட்டுக்காரர் போட்டதா?

அது காரோடு சேர்த்து விற்கப்படும் துணைப்பொருள்தான். கறுப்புத் தாள் ஒட்டுவதைவிட வெள்ளை லேஸ் திரை நாகரிகமானது என்பது அங்குள்ள எண்ணம்.

இரண்டாம் தலைமுறையில் வி12 எஞ்சினாமே? டொயோட்டா வி12 செய்ததா?

செய்தது. 1ஜிஇசட்-எஃப்இ என்ற 5 லிட்டர், 48 வால்வு எஞ்சின். ஜப்பானில் தொடர்ச்சியாக உற்பத்தியாகி விற்பனைக்கு வந்த பயணிகள் கார்களில் வி12 எஞ்சின் கொண்டது இந்த ஒன்றுதான். 1997 முதல் 2017 வரை சென்சுரிக்காகவே அது செய்யப்பட்டது.

பன்னிரண்டு சிலிண்டர் எதற்கு என்றால், வேகத்துக்காக அன்று. ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமையும்போது அவற்றின் அசைவுகள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்வதால் அதிர்வு ஏறத்தாழ இல்லாமல் போகிறது. அப்படி இரண்டு வரிசைகளை வி வடிவில் இணைத்தால் சக்தியின் துடிப்புகளும் நெருங்கி வந்து ஒரே ஓட்டமாகிவிடுகின்றன. நான் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்ன கார் இந்த வகைதான். வியாபாரி சாவியைத் திருப்பியபோது கிளம்பவில்லையோ என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் முள்ளைச் சுட்டினார். அது ஆயிரத்துக்குக் கீழே அசையாமல் நின்றிருந்தது. பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்த பிறகுதான் ஏதோ ஓடுகிறது என்று தெரிந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு வரிசைகளும் தனித்தனியே கட்டுப்படுத்தப்படுவதால், வழியில் ஒரு பக்கத்தில் கோளாறு ஏற்பட்டாலும் மற்ற ஆறு சிலிண்டர்களால் கார் ஓடிக்கொண்டே இருக்கும். முக்கியமானவர் ஒருவர் நடுச்சாலையில் நின்றுவிடக் கூடாது என்ற கவலையிலிருந்து பிறந்த ஏற்பாடு அது.

5 லிட்டர் வி12 வைத்துக்கொண்டு 280 குதிரைத்திறன்தானா? ஜெர்மன் கார் இதைவிட அதிகம் தருமே?

தரும். ஆனால் அன்று ஜப்பானியக் கார் நிறுவனங்கள் எல்லாம் உள்நாட்டில் விற்கும் எந்தக் காரையும் 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று தமக்குள் ஓர் எழுதப்படாத உடன்பாடு வைத்திருந்தன. சாலை விபத்துகள் பெருகிய 1980களின் இறுதியில் பிறந்த அந்தக் கட்டுப்பாடு 2004 வரை நீடித்தது. பந்தயக் கார் போன்ற நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரும் இந்தச் செடானும் தாளில் ஒரே எண்ணைக் காட்டியதற்குக் காரணம் இதுவே. சென்சுரியைப் பொறுத்தவரை அந்த வரம்பு ஒரு குறையாகவே தெரியவில்லை. பின் இருக்கையில் தேநீர் சிந்தாமல் போவதற்கு அதுவே அதிகம்.

மூன்றாம் தலைமுறையில் வி12ஐ எடுத்துவிட்டார்களாமே? சிக்கனமா?

எடுத்துவிட்டார்கள். 2018 ஜூனில் வந்த கார், 5 லிட்டர் வி8 எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட்; இரண்டும் இணைந்து 431 குதிரைத்திறன் தருகின்றன. டொயோட்டாவின் சொகுசுப் பிராண்டான லெக்சஸின் எல்எஸ் 600எச் காரில் இருந்த அமைப்பையே அடிப்படையாகக் கொண்டது. மாசுக் கட்டுப்பாட்டையும் எரிபொருள் கணக்கையும் பார்த்தால் மாதத்துக்கு 50 வண்டி மட்டுமே விற்கக் குறிவைக்கும் ஒரு காருக்காகப் புதிய வி12 செய்வது நடவாத காரியம்.

அபிமானிகள் இன்றும் புலம்புகிறார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். எஞ்சின் ஓடுவதே தெரியக் கூடாது என்பதற்காக வி12 செய்தவர்களுக்கு, கிளம்பும்போது எஞ்சினே ஓடாத மோட்டார் கிடைத்தால் அது வரமல்லவா? ஆனால் தனக்கென்றே ஓர் எஞ்சின் வைத்திருந்த கார், இன்னொரு காரிடமிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டது என்ற மனக்குறைக்கு என்னிடம் பதில் இல்லை.

"கையால் செய்த கார்" என்கிறார்களே, உண்மையா, விளம்பரமா?

அச்சு இயந்திரமும் வெல்டிங்கும் இல்லாமல் இன்று யாரும் கார் செய்வதில்லை. ஆனால் சென்சுரியின் வேலைப்பாட்டில் மனிதக் கைக்கு விடப்பட்ட பங்கு மிகப் பெரியது. நெடுங்காலம் ஃபூஜி மலையடிவாரத்தில் சுசோனோ நகரத்தின் ஹிகாஷி-ஃபூஜி ஆலையில் அது உருவானது. 2020 டிசம்பரில் அந்த ஆலை மூடப்பட்ட பின் டொயோட்டா நகரத்தின் மோட்டோமாச்சி ஆலைக்கு மாறியது. பழைய ஆலை இருந்த நிலத்தில்தான் இப்போது ஊவன் சிட்டி என்ற சோதனை நகரம் எழுந்திருக்கிறது.

பெயின்ட்டைப் பாருங்கள். கமுய் என்று பெயரிடப்பட்ட கறுப்பு நிறம் ஏழு அடுக்காகப் பூசப்பட்டு, இடையிடையே நீர் விட்டுத் தேய்க்கப்பட்டு, கடைசியில் கண்ணாடிபோல் மெருகேற்றப்படுகிறது. பின் கதவுக்கும் பின் கண்ணாடிக்கும் இடையிலுள்ள தூணை மட்டும் தனிக் கவனத்துடன் மெருகேற்றுகிறார்கள். இறங்குகிறவர் அதில் ஒரு கணம் தன் முகத்தையும் கழுத்துப்பட்டையையும் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

பக்கவாட்டில் விளிம்பு நெடுக ஓடும் இரட்டைக் கோட்டுக்கும் ஒரு கதை உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஹெய்யான் காலத்துப் பிரபுக்களின் வீடுகளில் அறையைத் தடுக்க வைத்த திரைச்சட்டங்களின் கால்களில், முனையை மழித்து இருபுறமும் மெல்லிய வெட்டு ஓட்டுவார்கள். அந்தத் தச்சு வேலைக்குக் கிச்சோமென் என்று பெயர். அதைக் கோணாமல் செய்வது கடினம் என்பதால், ஒழுங்கும் நுணுக்கமும் உடையவரைக் குறிக்கும் சொல்லாகவே அது இன்றைய ஜப்பானிய மொழியில் புழங்குகிறது. நம் ஊரில் "இழைத்து வைத்தாற்போல்" என்கிறோமே, அந்தத் தச்சுச் சொல் பேச்சுக்கு வந்ததைப் போலத்தான்.

அதே நிறுவனத்தில் லெக்சஸ் இருக்கும்போது இது எதற்கு?

லெக்சஸ் 1989இல் அமெரிக்கச் சந்தைக்காகப் பிறந்தது. ஜப்பானில் அந்தப் பெயரில் விற்பனை தொடங்கியது 2005இல்தான். அது உலகத்துக்குக் காட்டும் முகம், சென்சுரி வீட்டுக்குள் வைத்திருக்கும் வெள்ளிக் குத்துவிளக்கு. லெக்சஸை உரிமையாளரே ஓட்டலாம். அதன் கோடுகள் பார்வையை இழுப்பதற்காகவே வரையப்பட்டவை. சென்சுரியின் கோடுகள், மேலே முப்பது வருட உருவம் பற்றிச் சொன்னபடி, பார்வையைத் தவிர்ப்பதற்காக வரையப்பட்டவை.

ஜப்பான் பேரரசர் போவதும் இதே காரா?

முழுமையாக இதே அன்று. பேரரசரின் பெரிய சடங்குகளுக்கு 2006இல் சென்சுரி ராயல் என்ற தனி வண்டியை டொயோட்டா செய்து கொடுத்தது. இரண்டாம் தலைமுறையின் வி12 எஞ்சின், மேலும் நீண்ட உயர்ந்த உடல், கூரையின் உட்புறத்தில் ஜப்பானியக் கைத்தாள், ஏறும் படியில் கருங்கல் என்று அமைந்த அந்தக் கார், 1960களிலிருந்து பயன்பட்ட நிசான் பிரின்ஸ் ராயலுக்குப் பதிலாக வந்தது. பழைய காருக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிதாகிவிட்டதே மாற்றத்துக்குக் காரணம்.

நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்த கூரையில்லாத கார் வேறு. பேரரசர் நருஹிதோ அரியணை ஏறியதை ஒட்டி 2019 நவம்பர் 10ஆம் தேதி நடந்த ஊர்வலத்துக்காக, மூன்றாம் தலைமுறை சென்சுரியின் கூரையை நீக்கி அது உருவாக்கப்பட்டது. அக்டோபர் 22இல் நடக்க வேண்டிய ஊர்வலம், ஹகிபிஸ் புயலின் சேதத்தால் தள்ளிப்போனது. 1990இல் அவருடைய தந்தையின் ஊர்வலத்துக்கு ரோல்ஸ் ராய்ஸ் பயன்பட்டது என்பதை நினைத்தால், இடைப்பட்ட முப்பது ஆண்டில் என்ன மாறியது என்பது புரியும்.

உண்மையிலேயே முதல் மரியாதைக்குரியவர் எந்தப் பக்கம் உட்காருவார்? ஜப்பானில் ஓட்டுநருக்குப் பின்னால்தானே?

நல்ல கேள்வி, தெரிந்தவர்களே குழம்புகிற இடம். ஜப்பானிய அலுவலக ஒழுக்கப் பயிற்சியில், டாக்சியில் ஏறினால் ஓட்டுநருக்கு நேர் பின்னால் உள்ள இடமே உயர்ந்தது என்று கற்றுத்தருகிறார்கள். ஆனால் சென்சுரியில் கால் நீட்டும் வசதி, முன் இருக்கையை நகர்த்தும் வசதி எல்லாம் இடப்பக்கப் பின் இருக்கைக்கே செய்யப்பட்டிருக்கின்றன.

காரணம் எளியது. டாக்சி விதி, பலர் சேர்ந்து போகும்போது யாருக்கு எந்த இடம் என்பதற்கானது. சென்சுரியில் பெரும்பாலும் ஒருவர்தான் போகிறார். இடப்பக்கம் ஓடும் சாலையில் நடைமேடை இடப்பக்கமே இருக்கும். இறங்கியதும் நேரே வாசல். முன்னால் யாரும் அமராத இருக்கையைத் தள்ளிவிட்டால் கால் நீட்டவும் இடம் கிடைக்கும். விருந்தினர் ஒருவரும் உடன் வந்தால் யாரை எங்கே அமர்த்துவது என்பதை அந்தந்த நிறுவனத்தின் செயலர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்.

பழைய சென்சுரி ஜப்பானில் கொள்ளை மலிவு என்கிறார்களே, ஏன்?

நெடுநாள் அப்படித்தான் இருந்தது. ஜப்பானில் சாலை வரி எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்தது. 4.5 லிட்டருக்கு மேல் 6 லிட்டர் வரை உள்ள வண்டிக்கு ஆண்டுக்கு 88,000 யென் என்பது பழைய விகிதம். பதின்மூன்று ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டியென்றால் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடி ஒரு லட்சத்தைக் கடந்துவிடும். 660 சிசி சிறு காருக்கோ பத்தாயிரம் சொச்சம்தான். இதோடு இரண்டாண்டுக்கொரு முறை கட்டாயச் சோதனை, நகரத்துக்குள் குடித்துத் தீர்க்கும் பெட்ரோல், ஐந்து மீட்டருக்கு மேல் நீண்ட வண்டிக்கு நிறுத்துமிடம் என்று செலவு தொடரும். வாங்குவது எளிது, வைத்துக்கொள்வதுதான் யானை கட்டித் தீனி போடுகிற கதை.

நிலைமை மாறி வருகிறது. அமெரிக்காவில் 25 ஆண்டு கடந்த வெளிநாட்டுக் கார்களைத் தடையின்றி இறக்கலாம் என்பதால், 1997இல் வந்த வி12 வண்டிகள் 2022 முதல் அந்த வரம்புக்குள் வந்துவிட்டன.

ஸ்டீயரிங் வலப்பக்கம்தானே, ஒன்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டால் என்ன?

ஸ்டீயரிங் பொருந்தும், விதி பொருந்தாது. இந்திய இறக்குமதி விதிப்படி, பழைய கார் உற்பத்தியாகி மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. ஆகவே நாம் ஆசைப்படும் வி12 வண்டி எதுவும் வராது. புதியது வாங்கலாமே என்றால், முழுமையாகச் செய்து இறக்கும் சொகுசுக் காருக்கு வரிகள் எல்லாம் சேர்ந்து காரின் விலையையே தாண்டிவிடும். டொயோட்டாவும் இதை இந்தியாவில் விற்பதில்லை என்பதால், ஒரு விளக்கு உடைந்தாலும் ஜப்பானிலிருந்துதான் வரவேண்டும்.

இப்போது சென்சுரி எஸ்யூவி ஆகிவிட்டதாமே? செடான் நின்றுவிட்டதா?

நிற்கவில்லை. 2023 செப்டம்பரில் உயரமான உடலுடன் இன்னொரு சென்சுரி வந்தது, 3.5 லிட்டர் வி6 எஞ்சினோடு செருகி மின்னேற்றும் ஹைப்ரிட், அன்றைய விலை 2 கோடியே 50 லட்சம் யென். எஸ்யூவி என்று அழைக்க டொயோட்டா தயங்குகிறது, நாம் தயங்க வேண்டியதில்லை. செடான் அதற்கு அருகிலேயே தொடர்கிறது. 2025 அக்டோபரில் சென்சுரியை லெக்சஸுக்கும் மேலான தனிப் பிராண்டாக நிறுத்தப்போவதாக அறிவித்து, ஆரஞ்சு நிறத்தில் ஒரு கூபேயையும் காட்டினார்கள். அந்த ஆரஞ்சைப் பார்த்தபோது, கண்ணில் படாமல் போவதே பெருமை என்றிருந்த கார் இனி என்ன ஆகும் என்று எனக்குக் கவலையாகத்தான் இருந்தது.

எல்லாம் சரி, ஓட்டினால் எப்படி இருக்கும்?

நான் ஓட்டியதில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தில் இருபது ஆண்டு சென்சுரி ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் இதையே கேட்டேன். முடுக்குவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை; நிறுத்துவதைப் பற்றியே பேசினார். சிவப்பு விளக்கில் கார் முழுதாக நிற்பதற்குச் சற்று முன்னால் பிரேக்கிலிருந்து பாதத்தை மயிரிழை தளர்த்த வேண்டும். இல்லையென்றால் கடைசி நொடியில் வண்டி முன்னுக்கு ஒரு தலையாட்டல் ஆட்டும், பின்னால் செய்தித்தாள் படிப்பவரின் கண் ஒரு வரி தவறிவிடும். சொல்லிக்கொண்டே தரையில் பாதத்தை வைத்து அழுத்தி, மெல்ல விடுவித்துக் காட்டினார்.